திருத்தப்படாத பிரதி

பிட்ஸ்பர்க்
மார்ச் 3

அன்புள்ள அத்தைக்கு,

இடுப்பு வலி எப்படி இருக்கிறது? பனிக்காலம் முடியும்வரை மாடிப்படி ஏற மாட்டேன் என்று கிறிஸ்துமஸின்போது சொன்னீர்கள். சொன்னபடி நடக்கிறீர்களா என்று கேட்டால் கோபம் வரும். ஆனாலும் கேட்கிறேன். நான் நலம். கண்ணாடியின் தடிமன்தான் கூடிக்கொண்டே போகிறது.

இத்துடன் ஒரு பொட்டலம் வரும். என் நான்காவது நாவல். செப்டம்பரில்தான் கடைகளுக்குப் போகும். அதற்கு முன்பே பதிப்பகத்தார் சிலருக்கு அனுப்பும் பிரதி இது. என் கைக்கு வந்தவற்றில் முதலாவதை உங்களுக்கு அனுப்புகிறேன்.

என் நிலைமை உங்களுக்குத் தெரியும். முதல் நாவலைப் பத்திரிகைகள் புகழ்ந்தன. இரண்டாவதை வாங்கியவர்களை நான் பெயர் சொல்லியே கூப்பிடலாம். மூன்றாவது வெளிவந்தபோது இண்டியானாவில் ஒரு புத்தகக் கடையில் வாசிக்கப் போனேன். உட்கார்ந்து கேட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் கடைக்காரர். மற்றவர் கழிப்பறை எங்கே என்று கேட்க வந்து, மரியாதைக்காக உட்கார்ந்தவர். அதோடு பழைய பதிப்பகம் கைகழுவிவிட்டது. இப்போது நியூயார்க்கில் லெனோர் வாஸ் என்ற பதிப்பாசிரியர் துணிந்து இதை எடுத்திருக்கிறார். இதுவும் விற்காவிட்டால் என்னை இனி யாரும் அச்சிட மாட்டார்கள். கல்லூரியில் பிள்ளைகளுக்குக் கதை எழுதச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, நான் எழுதாமல் காலம் தள்ள வேண்டியதுதான்.

கதை நம் பெல்ரிவ் போன்ற ஓர் ஆலை ஊரில் நடக்கிறது. அரோர் என்று ஒரு விதவை வருகிறாள், எமில் என்று அவளுடைய காலஞ்சென்ற கணவர் வருகிறார். எல்லாம் கற்பனைதான்.

படித்துவிட்டு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
நொயேலா

*

இயேசு மரி சூசை துணை

பெல்ரிவ், மெய்ன்
மார்ச் 21

அன்புள்ள நொயேலாவுக்கு,

ஆண்டவர் கிருபையில் நலமாக இருக்கிறேன். நீயும் அப்படியே இருக்க மன்றாடுகிறேன். இடுப்பு தன் வேலையைச் செய்கிறது, நான் என் வேலையைச் செய்கிறேன். மாடிப்படி பற்றிய உன் கேள்விக்குப் பதில் கிடையாது.

பொட்டலம் வந்தது. முகப்பைப் பார்த்ததுமே உன் தேவை எனக்குப் புரிந்துவிட்டது. "திருத்தப்படாத பிரதி" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வாய்விட்டுக் கேட்க உனக்குக் கூச்சம். உன் அம்மாவும் அப்படித்தான். என் நாத்தனாராக இருந்தும், ஒரு கோப்பைச் சர்க்கரை வேண்டுமென்றால் வானிலை பற்றிப் பேசிக்கொண்டே வாசலில் நிற்பாள்.

ஆகவே திருத்தினேன். தவக்காலத்துக்கு ஏற்ற வேலை. சிவப்பு மையில், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை. கான்வென்டில் சிஸ்டர் இக்னாஸ் எங்கள் நோட்டுகளை எப்படித் திருத்துவாரோ அதே முறையில் செய்திருக்கிறேன். ஆனால் அவரைவிட இரக்கத்தோடு.

உன் முந்தைய புத்தகங்களைப் பற்றி இதுவரை நான் ஒன்றும் சொன்னதில்லை. நீ கேட்டதில்லை. இப்போது கேட்டிருப்பதால் சொல்கிறேன். முதல் நாவலில் சாமியார் குடிக்கிறார். குடிக்கட்டும், ஆனால் பூசைக்கு முன்பா? இரண்டாவது அரிசோனாவில் நடக்கிறது. நீ அங்கே ஒரு வாரம்கூடத் தங்கியதில்லை. மூன்றாவதில் யார் பேசுகிறார்கள் என்று காட்ட ஒரு குறிகூட இல்லை. பன்னிரண்டு ஆண்டுக் கான்வென்ட் படிப்பு எனக்குப் போதவில்லை. இது அந்த மூன்றையும்விட நன்றாக இருக்கிறது.

இருந்தாலும் சிலவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அரோர் நண்பகலில் மொச்சையை அடுப்பில் வைத்து மாலையில் பரிமாறுகிறாள். கல்லைத்தான் பரிமாறியிருப்பாள். சனிக்கிழமை விடிந்ததும் பானை அடுப்புக்குள் போயாக வேண்டும். உன் ஊரில் ஈஸ்டருக்கு லைலாக் பூக்கிறது. அது எந்த நாடு? பாவசங்கீர்த்தனம் கேட்கும் சாமியாரின் தோளில் பச்சைப் பட்டையைப் போட்டிருக்கிறாய். ஊதா. ஒரு விதவை வீட்டு அங்கியோடு வாசற்கதவைத் திறக்க மாட்டாள்.

திருத்திய பிரதியை உனக்கு அனுப்பவில்லை. அச்சிடுகிறவர்களுக்குத்தான் அது தேவை. பின்னட்டையில் முகவரி இருந்தது. நேராக நியூயார்க்குக்கே அனுப்பிவிட்டேன். தபால் நிலையத்துப் பெண், "என்ன மேடம், கல்லு ஏதும் வச்சிருக்கீங்களா, இந்த கனம் கனக்குது?" என்றாள். மைதான் கனம் என்றேன்.

நன்றி சொல்ல வேண்டியதில்லை.

உன் அத்தை,
ஹெர்மீன் லெவாசர்

*

பிட்ஸ்பர்க்
ஏப்ரல் 5

அன்புள்ள அத்தைக்கு,

இடுப்பைப் பற்றிக் கேட்கமாட்டேன். நலமாக இருக்கிறீர்கள் என்று உங்கள் கையெழுத்தே சொல்கிறது. எனக்குத்தான் உடம்பு ஒரு நிலையில் இல்லை. சிரிப்பதா, போர்வைக்குள் ஒளிவதா என்று தெரியவில்லை.

அத்தை, அந்த வாசகம் யாரையும் திருத்தச் சொல்லி அழைப்பதில்லை. விமரிசகர்களுக்கும் நூலகங்களுக்கும் அனுப்பும் பிரதிகளில் எல்லாப் பதிப்பகமும் அப்படித்தான் போடும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று பொருள். இத்தனை காலப் புத்தக வியாபாரத்தில் அதைப் பார்த்துப் பேனா எடுத்த முதல் ஆள் நீங்கள்தான் என்று லெனோர் சொல்கிறார்.

திங்கட்கிழமை காலையில் அவரே கூப்பிட்டார். "நொயேலா, யாரும்மா இந்த ஹெர்மீன் லெவாசர்?" என்றார். என் அத்தை, வயதானவர், மன்னித்துவிடுங்கள் என்று ஆரம்பித்தேன். "மன்னிக்கிறதா? ஆபீசே வேலைய விட்டுட்டு இதத்தான் சத்தம் போட்டு படிச்சு சிரிச்சிட்டிருக்கு. உங்க அத்தைக்கு வேலை வேணுமான்னு கேளு. எங்க ஆளுங்க ஒருத்தரும் இப்படி படிக்கிறதில்ல," என்றார்.

மொச்சையைத் திருத்தியாயிற்று. லைலாக் மே மாதக் கடைசிக்குப் போய்விட்டது. சாமியாருக்கு ஊதா. ஆனால் சிலவற்றை ஏற்க முடியாது. பதினோராம் அத்தியாயத்தில் அரோரின் மகள் விவாகரத்து செய்துகொள்கிறாள். நீங்கள் அதை அடித்துவிட்டு "நீண்ட பயணம் போனாள்" என்று எழுதியிருக்கிறீர்களாம். அத்தை, அவள் நீதிமன்றத்தில் நிற்கிறாள்.

பிரதியை லெனோர் எனக்கு அனுப்பி வைக்கிறார். முழுவதும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
நொயேலா

*

இயேசு மரி சூசை துணை

பெல்ரிவ்
ஏப்ரல் 16

அன்புள்ள நொயேலாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உடம்புக்குப் பெரிதாக ஒன்றுமில்லை என்று தெரிந்து நிம்மதி. இங்கே ஆற்றில் பனிக்கட்டி உடைந்து போய்விட்டது. தெருவெல்லாம் சேறு. அஞ்சல்காரர் முழங்கால்வரை பூட்ஸ் மாட்டிக்கொண்டு வருகிறார்.

திருத்தக் கூடாத ஒன்றின் மேல் "திருத்தப்படாதது" என்று எழுதி ஊரெங்கும் அனுப்புவது என்ன வழக்கம் என்று நூலகர் ஹாஸ்கெலிடம் கேட்டேன். அவர் தன் மேசைக்கு அடியிலிருந்து அதே மாதிரிப் பிரதிகள் ஒரு கட்டு எடுத்துக் காட்டினார். "வருஷா வருஷம் வருது, மிஸஸ் லெவாசர். நான் ஒருநாளும் பேனா எடுத்ததில்ல," என்றார். அது பெருமைப்பட வேண்டிய விஷயமில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். உன் புத்தகமும் அந்தக் கட்டுக்குள் இருந்தது.

நியூயார்க்கில் சிரித்தார்கள் என்று எழுதியிருக்கிறாய். எதைப் படித்துச் சிரித்தார்கள் என்று எழுதவில்லை. எழுத வேண்டாம்.

அந்த மகளின் நீண்ட பயணத்தை நீ விரும்பியபடி வைத்துக்கொள். உன் புத்தகம்.

இர்மா தெரியோ உன்னைக் கேட்டாள். அவளை மறந்திருக்க மாட்டாய். கோவில் கூடத்தில் மாதாமாதம் நடக்கும் மொச்சை விருந்துக்கு அவள்தான் தலைவி என்று அவளே வைத்துக்கொண்டிருக்கிறாள். "ஏய் ஹெர்மீன், உங்க வீட்டுப் பொண்ணு புத்தகத்துல ஒரு விதவைய போட்டிருக்காளாமே, அது நான்தானாம்ல?" என்றாள். நான் மறுக்கவில்லை. ஆசைப்படுகிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

உன் கண்ணைக் கவனி. படுத்துக்கொண்டு படிக்காதே.

உன் அத்தை,
ஹெர்மீன் லெவாசர்

*

பிட்ஸ்பர்க்
மே 1

அன்புள்ள அத்தைக்கு,

சேறு காய்ந்திருக்கும் என்று நம்புகிறேன். வெளியே போகும்போது கைத்தடியை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டாமென்றாலும், எனக்காக.

நீங்கள் திருத்திய பிரதி வந்து சேர்ந்தது. மூன்று நாளாக அதோடுதான் இருக்கிறேன். ஒரு பக்கத்தில் நிலாவைச் சுற்றி வட்டம் போட்டு, "இது நான்காவது நிலா. ஒரு இரவுக்கு ஒன்று போதும்" என்று எழுதியிருக்கிறீர்கள். வாய்விட்டுச் சிரித்தேன். நான்கில் மூன்றை எடுத்துவிட்டேன்.

ஆனால் பத்தொன்பதாம் அத்தியாயத்தில் ஒரு புள்ளிகூட இல்லை.

முன்னும் பின்னும் சிவப்பு. அந்தப் பன்னிரண்டு பக்கங்கள் மட்டும் அச்சகத்திலிருந்து வந்தபடியே இருக்கின்றன.

கற்பனை என்று எழுதினேன். அது அப்படியே உண்மையில்லை என்று உங்களுக்கும் தெரியும். அந்தக் கோடையில் எனக்குப் பன்னிரண்டு வயது. முட்டை வாங்கி வர என்னை அனுப்பினீர்கள். கடை மூடியிருந்ததால் உடனே திரும்பிவிட்டேன். பின்பக்கத்துக் கொசுவலைக் கதவு வரை வந்தவள் அங்கேயே நின்றுவிட்டேன். உள்ளே வானொலியில் கியூபெக் நிலையத்துப் பிடில். மொச்சை வேகும் மணம். நீங்களும் ஓவிலா மாமாவும் காலணி இல்லாமல் மேசையைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் சிரித்தீர்கள். அதற்கு முன்பும் பின்பும் நீங்கள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. கொல்லைப்பக்கம் போய் பாட்டு முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

நான் எழுத்தாளர் ஆனது எப்போது என்று கேட்பவர்களிடம் ஏதேதோ சொல்வேன். உண்மையில் அந்தக் கதவுக்கு வெளியேதான். மூன்று நாவல் எழுதியும் அதை எழுதத் துணிவு வரவில்லை. இதில் எழுதிவிட்டேன். உங்களைக் கேட்காமல்.

ஜூன் 12 அன்று பக்கங்கள் அச்சகத்துக்குப் போகின்றன. அந்த அத்தியாயம் இருக்கலாமா, கூடாதா? ஒரு சொல் எழுதினால் போதும்.

நொயேலா

*

இயேசு மரி சூசை துணை

பெல்ரிவ்
மே 19

அன்புள்ள நொயேலாவுக்கு,

நலம். உன் நலத்துக்காக செவ்வாய்க்கிழமைப் பூசையை ஒப்புக்கொடுத்தேன்.

லைலாக் இன்னும் மொட்டாகத்தான் இருக்கிறது. நான் சொன்னது சரி என்பதற்காக எழுதுகிறேன். கூரைத் தகரத்தில் ஓர் ஓட்டை விழுந்திருந்தது, அடைத்தாயிற்று. அடைக்க வந்தவன் பேசிக்கொண்டே இருந்தான், வேலை மோசமில்லை.

இந்த மாத விருந்தில் இர்மா மொச்சையில் உப்பை அள்ளிப் போட்டுவிட்டாள். கேட்டால், "வயசானா நாக்கு செத்துப் போகும், ஹெர்மீன். உப்பு சரியாத்தான் இருக்கு," என்கிறாள். அவள் என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அந்தக் கூட்டத்தில் எல்லோரும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தோம். வெல்லப்பாகும் குறைவு. பன்றிக் கொழுப்பு மட்டும் சரியாக இருந்தது, அதை வாங்கியது நான்.

புது சாமியார் இளைஞர். மறையுரை சுருக்கமாக இருக்கிறது. இந்த ஊருக்கு அவர் நல்ல மருந்து.

ஓர் அத்தியாயத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். சிவப்பு மை தீர்ந்துபோயிருந்தது.

உன் அத்தை,
ஹெர்மீன் லெவாசர்

*

பிட்ஸ்பர்க்
மே 27

அன்புள்ள அத்தைக்கு,

நலமாக இருக்கிறீர்கள் என்பதில் மகிழ்ச்சி.

இருபதாம் அத்தியாயத்தின் முதல் வரியிலேயே சிவப்பு மை வழிகிறது.

பரவாயில்லை. உங்கள் பதில் எனக்குப் புரிந்துவிட்டது. நேற்று லெனோரைக் கூப்பிட்டு அந்த அத்தியாயத்தை எடுத்துவிடச் சொன்னேன். அவர் எழுந்து அறைக் கதவைச் சாத்துவது கேட்டது. பிறகு, "நொயேலா, இந்தப் புத்தகத்துக்கு இருக்குறதே அந்த ஒரு இதயம்தான். அத எடுத்துட்டா மிச்சம் என்ன? மொச்சையும் வானிலையும்தான். யார் வாங்குவா? கடைக்காரங்க எல்லாரும் எங்கிட்ட அந்த அத்தியாயத்த பத்தித்தான் பேசுறாங்க," என்றார். தெரியும் என்றேன். "அப்புறம் உன்னோட இன்னொரு புத்தகத்த என்னால போட முடியாதும்மா. நான் மறைச்சு பேசல," என்றார். அதுவும் தெரியும் என்றேன்.

அரோரும் எமிலும் என்னுடையவர்கள். அந்த அடுக்களை உங்களுடையது. அம்மா போன பிறகு எனக்கு இருப்பது நீங்கள்தான். புத்தகம் நன்றாகப் போய், நீங்கள் எனக்குக் கடிதம் எழுதுவதை நிறுத்திவிட்டால், அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஜூன் 12 அன்று அது இல்லாமலேயே போகட்டும். உங்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. கையெழுத்து கோணலாக இருப்பது ரயிலில் எழுதுவதால்.

கோடைக்கு வரலாமா?

நொயேலா

*

இயேசு மரி சூசை துணை

பெல்ரிவ்
ஜூன் 6
விரைவு அஞ்சல்

நொயேலா,

நலம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அந்த நியூயார்க் பெண்ணைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல். அத்தியாயம் இருக்கட்டும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

நேற்று மொச்சை விருந்துக்குக் கூடத்துச் சமையலறையில் ஏழெட்டுப் பேர் இருந்தோம். ஹாஸ்கெல் தன் மேசைக்கு அடியிலிருந்த உன் புத்தகத்தை இர்மாவுக்குப் படிக்கக் கொடுத்திருக்கிறார். அவள் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள்.

"எல்லாரும் கேளுங்கடி," என்றாள். "பத்தொம்பதாவது அத்தியாயத்துல புருஷனும் பொண்டாட்டியும் அடுக்களையில ஆடுறாங்க பாருங்க, அது நானும் எங்க லூசியனும்தான். அந்தப் பொண்ணு எங்க வீட்டு ஜன்னல் வழியா பாத்திருக்கா!"

ஜெர்த்ரூத் ரொட்டி வெட்டுவதை நிறுத்தினாள். "உங்க லூசியனா? அவரு உன் கல்யாணத்துலயே நாற்காலிய விட்டு எந்திரிக்கலையேடி!"

"வெளியில ஆடமாட்டாரு. வீட்டுக்குள்ள ஆடுவாரு. நீ வந்து பாத்தியா?"

"உங்க வீட்டு அடுக்களையில மேசைய சுத்தி ஒரு பூனை திரும்ப இடமில்ல, இர்மா," என்றேன் நான்.

"அப்ப வேற யாராம்? நீயா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். "ஹெர்மீனாவது ஆடுறதாவது! கோவில்ல முழங்கால் போடும்போதுகூட முதுகு வளையாதவ!"

என் கையில் கரண்டி இருந்தது. அதை மேசைமேல் வைத்தேன். கொஞ்சம் சத்தமாகவே வைத்துவிட்டேன் போலிருக்கிறது.

"நான்தான்," என்றேன். "என் அடுக்களை. என் ஓவிலா. அடுப்புல இருந்தது என் மொச்சை. அதுல உப்பு சரியா இருந்துச்சு."

முதலில் ஜெர்த்ரூத்தான் கைதட்டினாள், ரொட்டிக் கத்தியோடு. பிறகு எல்லோரும். இர்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏன்டி, இத்தன வருஷமா ஒரு வார்த்த சொல்லலயே?" என்றாள்.

"நீ கேக்கலயே."

"அப்ப நான் யாருடி இந்தப் புத்தகத்துல?"

"நாலாவது அத்தியாயத்துல ஒருத்தி வர்றா பாரு, வாய் ஓயாம பேசுவா," என்றேன். அவள் உடனே நான்காவதைத் தேடிப் பக்கத்தைப் புரட்ட ஆரம்பித்தாள். விருந்து அரைமணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. இந்தக் கூடத்தின் சரித்திரத்தில் அப்படி நடந்ததில்லை.

இப்போது நீ கேட்டதற்குப் பதில். எனக்குக் கோபமில்லை. கோபம் என்பது உன் கற்பனை, அதற்கு நான் பொறுப்பல்ல. அந்த அத்தியாயத்தில் பேனாவை வைக்க இடம் தேடினேன். எந்த வரியைப் பார்த்தாலும் அதில் அவர் நின்றுகொண்டிருந்தார். அவர் போன பிறகு அவருடைய கோட்டை ஒருவருக்குக் கொடுத்தேன், கருவிகளை இன்னொருவருக்குக் கொடுத்தேன். யாருக்கும் கொடுக்காமல், யாருக்கும் தெரியாமல் என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். அச்சில் வந்தால் அதுவும் என் கையை விட்டுப் போய்விடும் என்று நினைத்தேன். நேற்று இர்மா அதைத் தூக்கி லூசியனுக்குக் கொடுக்கப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. பேசாமல் இருந்தால்தான் கையை விட்டுப் போகும்.

ஆகவே ஒரு திருத்தம், ஒன்றே ஒன்று. "அந்த ஒரு சனிக்கிழமை அவர்கள் ஆடினார்கள்" என்று எழுதியிருக்கிறாய். தவறு. ஒவ்வொரு சனிக்கிழமையும். மொச்சை வேக நாள் முழுக்க வேண்டும். வேறு என்ன செய்வோம் என்று நினைத்தாய்?

கோடைக்கு வரலாமா என்று கேட்காதே. வா.

உன் அத்தை,
ஹெர்மீன் லெவாசர்

*

கிளீவ்லாந்து, விடுதி அறை
அக்டோபர் 8

அன்புள்ள அத்தைக்கு,

நலமா? குளிர் தொடங்கியிருக்கும். நான் நலம், தொண்டை மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறது. ஊர் ஊராக வாசித்ததில் வந்த வினை. இப்படி ஒரு நோய்க்கு இருபது ஆண்டாகக் காத்திருந்தேன்.

நேற்று இங்கே நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். கழிப்பறையைத் தேடி வந்தவர் யாருமில்லை. பத்தொன்பதாம் அத்தியாயத்தை வாசித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். பக்கத்தில் அவர் மனைவி. "எமில் எப்படி அவள அவ்வளவு அழகா சுத்தி சுத்தி கூட்டிட்டுப் போறாரு! நான் இவ கால மிதிச்சிக்கிட்டே அம்பது வருஷம் ஓட்டிட்டேன்," என்றார். "அம்பத்திரண்டு," என்றார் அந்த அம்மாள். அரங்கமே சிரித்தது. பெல்ரிவ் கூடத்தில் நான் வாசித்த அன்று நீங்கள் முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. அன்று இர்மா எழுந்து வணக்கம் வைத்தாரே, அதுவும்.

செய்தி இதுதான், அத்தை. முதல் அச்சு தீர்ந்துவிட்டது. இரண்டாம் அச்சு போடுகிறார்கள். என் வாழ்க்கையில் இந்தச் சொல்லை நான் எழுதியதே இல்லை. இரண்டாம் அச்சு. அடுத்த நாவலுக்கும் லெனோர் ஒப்பந்தம் அனுப்பிவிட்டார்.

இரண்டாம் அச்சில் பிழைகளைச் சரிசெய்யலாம். லெனோர் சொன்னார்: "உங்க அத்தைகிட்ட கேக்காம நான் அச்சகத்துக்கு அனுப்பமாட்டேன்." ஆகவே இந்த முறை உண்மையாகவே கேட்கிறோம். திருத்தித் தாருங்கள்.

அன்புடன்,
நொயேலா

*

இயேசு மரி சூசை துணை

பெல்ரிவ்
அக்டோபர் 15

அன்புள்ள நொயேலாவுக்கு,

நலம். தொண்டைக்கு வெந்நீரில் உப்பைப் போட்டுக் கொப்பளி. தேன் வேண்டாம், அது வெறும் ருசிக்கு.

உன் செய்தி கிடைத்தது. தொலைபேசி என் வீட்டில் சாவுக்கும் பல் வைத்தியருக்கும் மட்டும் என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் இர்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். எடுத்ததும், "யார் போயிட்டாங்க?" என்று அலறினாள்.

புத்தகத்தை இரண்டு முறை படித்தேன். பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. திருத்தங்கள்: 61ஆம் பக்கத்தில் ஆறு வடக்கே ஓடுகிறது, அதைத் திருப்பு. 140இல் அரோர் மெழுகுவர்த்தியை ஊதி அணைக்கிறாள். கோவிலில் யாரும் ஊதுவதில்லை, நுனியில் தொப்பி வைத்த கோலால் மூடி அணைப்பார்கள். 233இல் இன்னும் ஒரு நிலா அதிகம்.

இனி அந்தக் கிளீவ்லாந்துப் பெரியவர் விஷயம். அவரை நினைத்தால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. எமில் அரோரைச் சுற்றிச் சுற்றி அழைத்துப் போகிறார் என்று எழுதியிருக்கிறாய். கதவுக்கு வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரிந்திருக்கும். உன் மாமாவுக்கு ஆடும்போது இடது எது, வலது எது என்று தெரியாது. தாளத்தைச் சத்தமாக எண்ணுவார், அதையும் தப்பாக எண்ணுவார். காலணி இல்லாமல் ஆடியதை நீ இரண்டு பக்கத்துக்கு அழகாக எழுதியிருக்கிறாய். என் கால்விரலைக் காப்பாற்றத்தான் அவரைக் கழற்ற வைத்தேன். மேசை மூலையில் இடிக்காமல் அவரைத் திருப்பியது நான். ஆட்டத்தை நடத்தியது தொடக்கத்திலிருந்தே நான்தான்.

அதைத் திருத்தாதே. அச்சில் இருப்பதுபோலவே இருக்கட்டும். கடைசிவரை, தான்தான் நடத்துவதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நான் ஒரு நாளும் திருத்தியதில்லை.

உன் அத்தை,
ஹெர்மீன்